கதவுக்கு வெளியே உட்கார்ந்த ஊழியக்காரர்



அசூசா தெரு என்ற பெயரைக் கேட்காத பெந்தெகொஸ்தே விசுவாசி நம்மில் யாருமே இருக்க முடியாது. எழுப்புதல் கூட்டம் என்று மேடை போட்டால், பிரசங்கியார் ஒரு தடவையாவது அந்தத் தெருவின் பெயரைச் சொல்லாமல் இறங்கமாட்டார். அங்கே அக்கினி இறங்கியது, அங்கிருந்து உலகமெங்கும் பரவியது என்று கேட்டு நாமும் கைதட்டி அல்லேலூயா சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தத் தெருவில் ஊழியம் செய்த மனுஷன் யார்? அவரை இந்த உலகம் எப்படி நடத்தியது? அதைவிட முக்கியம், கூட இருந்த விசுவாசிகள் அவரை எப்படி நடத்தினார்கள்?

நான் வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்தபோது வில்லியம் சீமோரைப்பற்றி எனக்குக் கிடைத்தது நாலைந்து வரிதான். அதற்குப் பிறகு கிடைத்த புத்தகங்களை எல்லாம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க சந்தோஷமும் வந்தது, நெஞ்சில் பாரமும் ஏறியது. அந்தப் பாரத்தை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். முழுவதும் வாசியுங்கள், பாதியில் மூடிவைத்துவிடாதீர்கள்.

சட்டத்தில் குடிமகன், தெருவில் இரண்டாந்தர மனுஷன்

அமெரிக்காவின் தென்பகுதியில் லூசியானா என்ற மாநிலம். அங்கே செண்டர்வில் என்ற சின்ன ஊரில் 1870ஆம் வருஷம் மே மாதம் 2ஆம் தேதி வில்லியம் சீமோர் பிறந்தார். தகப்பன் பெயர் சைமன், தாய் பெயர் பிலிஸ். இருவருமே அடிமைகளாய் இருந்தவர்கள். ஆடு மாடு போல விலைக்கு விற்கப்பட்ட ஜனம். அடிமைத்தனத்தை வைத்துக்கொள்ள விரும்பிய தென்மாநிலங்களுக்கும், நாடு உடையக்கூடாது என்று நின்ற வட மாநிலங்களுக்கும் நடந்த யுத்தத்தில், சைமன் வட மாநிலங்களின் சேனையில் சேர்ந்து சிப்பாயாக இருந்தார். 1865ல் யுத்தம் முடிந்தது, அடிமைத்தனமும் ஒழிந்தது.

அதற்குப் பிறகு சட்டத்தில் நல்ல காரியங்கள் வந்தன. 1868ல் கறுப்பின மக்களும் குடிமக்களே என்று எழுதினார்கள். 1870 பிப்ரவரியில், நிறத்தைக் காட்டி யாருடைய ஓட்டையும் பறிக்கக்கூடாது என்று எழுதினார்கள். அது நடந்து மூன்று மாதத்தில்தான் சீமோர் பிறந்தார். அந்தக் குழந்தையைக் கையில் வாங்கின தகப்பன் என்ன நினைத்திருப்பார்! நான் அடிமையாய்ப் பிறந்தேன், என் மகன் சுதந்தரவாளியாய்ப் பிறந்திருக்கிறான் என்று தேவனைத் துதித்திருக்கமாட்டாரா?

ஆனால் நடந்தது வேறே. காகிதத்தில் கொடுத்ததை நடைமுறையில் ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கினார்கள். 1890ல் லூசியானாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: ரயிலில் வெள்ளையருக்கு ஒரு பெட்டி, கறுப்பருக்கு வேறு பெட்டி. இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். 1896ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே, தனித்தனியாக வைத்தாலும் சமமாக வைத்தால் தப்பில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. தனித்தனி என்பது வந்தது, சமம் என்பது வரவே இல்லை! பள்ளிக்கூடம் தனி, ஆஸ்பத்திரி தனி, தண்ணீர் குடிக்கிற இடம் தனி, செத்தால் புதைக்கிற இடமும் தனி. அதே 1896ல் லூசியானாவில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர்கள் 1,30,000க்கு மேல். எட்டே வருஷத்தில், 1904ல், அது 1,342 ஆகிவிட்டது. யாரும் சாகவில்லை, ஊரை விட்டு ஓடிப்போகவும் இல்லை. புதுச் சட்டங்களைப் போட்டுப் பேரை நீக்கிவிட்டார்கள், அவ்வளவுதான்.

உரிமை போனது ஒரு பக்கம், மரியாதை போனது இன்னொரு பக்கம். பேரன் பேத்தி எடுத்த கறுப்பின மனுஷனைக்கூட வெள்ளைக்காரச் சிறுவன் பையா என்று கூப்பிடலாம். திருவாளர் என்றோ திருமதி என்றோ மரியாதை வைத்துக் கூப்பிடமாட்டார்கள். வெள்ளையர் எதிரே வந்தால் நடைபாதையை விட்டு இறங்கி வழிவிட வேண்டும். இதெல்லாம் நமக்குப் புரியாத காரியம் அல்ல. தோளில் போட்ட துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற தாத்தாக்களின் கதை நம்ம வீடுகளிலும் உண்டு.

சீமோரின் வீட்டில் வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. 1896ல் அந்த வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்து எழுதினபோது, பழைய கட்டில் ஒன்று, பழைய நாற்காலி ஒன்று, பழைய மெத்தை ஒன்று என்றுதான் எழுத முடிந்தது. எழுப்புதலின் பாத்திரத்தைத் தேவன் எங்கேயிருந்து எடுத்தார் பாருங்கள்!

ஒரு கண் போனது, ஒரு பார்வை வந்தது

வாலிப வயதில் சீமோர் பிழைப்புத் தேடி வடக்கே போனார். இண்டியானாபொலிஸ் பட்டணத்தில் ஹோட்டல்களில் சர்வர் வேலை பார்த்தார். தட்டு எடுத்து வைக்கிற வேலைக்குக் கறுப்பர் வேண்டும், அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. அப்படிப்பட்ட நாட்களில் ஆண்டவர் அவரைச் சந்தித்தார், அவர் இரட்சிக்கப்பட்டார்.

பிறகு சின்சினாட்டி பட்டணத்துக்குப் போனார். அங்கே பரிசுத்தத்தை வலியுறுத்தின ஒரு கூட்டத்தாரோடு ஐக்கியமானார். அவர்கள் நடுவே வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆராதித்தார்கள். கிறிஸ்துவின் சரீரம் ஒன்று என்பது வெறும் வசனம் இல்லை, இப்படியும் நடக்க முடியும் என்று அவர் கண்ணால் கண்ட இடம் அது. அந்த விதை அவர் உள்ளத்தில் ஆழமாய் விழுந்தது.

அங்கேதான் அவருக்குப் பெரியம்மை கண்டது. சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். இடது கண்ணின் பார்வை போய்விட்டது, முகமெல்லாம் தழும்பு. அந்தப் படுக்கையிலிருந்து எழுந்தபோது, ஊழிய அழைப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்று தீர்மானித்துத் தன்னை முழுமையாய் ஒப்புக்கொடுத்தார்.

ஹூஸ்டனில் பாதி திறந்த கதவு

1905ல் சீமோர் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் பட்டணத்தில் இருந்தார். லூசி பாரோ என்ற சகோதரி அங்கே ஒரு சின்ன சபையை நடத்திவந்தார். அடிமையாகவே பிறந்த தாயார் அவர். அவர் மூலமாக, பரிசுத்த ஆவியின் அபிஷேகத்தையும் அந்நிய பாஷை அடையாளத்தையும் பற்றிப் போதித்த சார்லஸ் பார்ஹாம் என்ற வெள்ளைக்கார ஊழியரைப்பற்றிக் கேள்விப்பட்டார். பார்ஹாம் ஹூஸ்டனில் வேதபாட வகுப்பு ஆரம்பித்திருந்தார். சீமோர் போய், எனக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார்.

டெக்சாஸிலோ கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது. பார்ஹாமும் அந்த நிறபேதத்தை எதிர்த்து நிற்கிறவர் அல்ல. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். வகுப்பு நடக்கிற அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் சீமோர் உட்காரலாம், கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பார்கள், காதில் விழுகிறதைக் கேட்டுக்கொள்ளலாம்.

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள் பிரியமானவர்களே. உள்ளே நடக்கிற பாடம் என்ன? கணக்கா, பூகோளமா? பரிசுத்த ஆவியானவர் மாம்சமான யாவர்மேலும் ஊற்றப்படுவார் என்கிற பாடம்! அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டே, ஒரு மனுஷனை அவன் நிறத்துக்காகக் கதவுக்கு வெளியே உட்காரவைத்திருந்தார்கள். சொல்லிக்கொடுத்தவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, உள்ளே உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை. பாவத்தில் பொல்லாத பாவம் எது தெரியுமா? எல்லோரும் சேர்ந்து செய்வதினால் பாவம் என்றே தெரியாமல் போகிற பாவம்தான்.

சீமோர் எழுந்து போய்விடவில்லை. சில வாரங்கள் அங்கேயே உட்கார்ந்து கேட்டார். ஏன்? தான் தாழ்ந்தவன் என்று ஒத்துக்கொண்டதினால் அல்ல. பந்தியில் இடம் தர மறுத்தாலும் தகப்பன் வீட்டு அப்பம் தனக்கும் உரியது என்று அறிந்திருந்தார். பசி அவரை உட்காரவைத்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிப்புச் சொல்ல வேண்டும். அநேக பிரசங்கிகள் இந்தச் சம்பவத்தைச் சொல்லி, பாருங்கள் எவ்வளவு தாழ்மை என்று முடித்துவிடுகிறார்கள். தாழ்மை வேறு, தாழ்த்தப்படுவது வேறு. ஒருவன் தானாக இறங்கினால் அது தாழ்மை, அடுத்தவன் அவனைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தால் அது அநியாயம். சீமோர் பொறுத்துக்கொண்டார் என்பதைக் காட்டி, இன்றைக்கு அவமதிக்கப்படுகிற சகோதரனிடம் நீயும் பொறுத்துக்கொள் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. தன் கையில் ஒரு சபை கொடுக்கப்பட்டபோது சீமோர் என்ன செய்தார் என்று பாருங்கள், அதுதான் நமக்குப் பாடம்.

பூட்டின கதவும் குதிரை லாயமும்

லாஸ் ஏஞ்சலிஸ் பட்டணத்தில் ஒரு சின்ன கறுப்பின சபை இருந்தது. அங்கிருந்து அழைப்பு வந்தது. பார்ஹாமுக்கோ, சீமோர் டெக்சாஸிலேயே கறுப்பர் நடுவே ஊழியம் செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம். ஆனாலும் பயணச் செலவுக்கு உதவினார், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1906 பிப்ரவரி 22ஆம் தேதி சீமோர் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேர்ந்தார்.

அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தார். அந்நிய பாஷை அடையாளம் என்று அவர் போதித்தது அந்தச் சபையை நடத்தின ஜூலியா ஹட்சின்ஸ் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. சில நாளில் சீமோர் கூட்டத்துக்குத் திரும்பி வந்தால் கதவில் பூட்டுத் தொங்குகிறது! ஹூஸ்டனில் பாதி திறந்த கதவு, இங்கே முழுசாகப் பூட்டின கதவு. அதுவும் சொந்த இனத்தார் போட்ட பூட்டு. (பின்னாளில் அதே அம்மையார் அபிஷேகம் பெற்று ஆப்பிரிக்காவில் லைபீரியாவுக்கு மிஷனரியாகப் போனார். கர்த்தர் எப்படிப்பட்டவர் பாருங்கள்!)

கையில் காசு இல்லை, தங்க இடம் இல்லை. எட்வர்ட் லீ என்ற கூலிவேலை செய்யும் சகோதரர் தன் வீட்டில் இடம் கொடுத்தார். ஜெபம் ஆரம்பித்தது. இடம் போதாமல் போனி பிரே தெருவில் ரிச்சர்ட், ரூத் ஆஸ்பெரி தம்பதியின் வீட்டுக்கு மாறினார்கள். அங்கே கூடினவர்கள் பெரும்பாலும் துணி வெளுக்கிறவர்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள், வீட்டு வேலைக்காரர்கள். உபவாசித்து ஜெபித்தார்கள். 1906 ஏப்ரல் 9ஆம் தேதி பரிசுத்த ஆவியானவர் இறங்கினார்! எட்வர்ட் லீ முதலாவது நிரப்பப்பட்டார், அந்த இரவே இன்னும் பலர் நிரப்பப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 12ல், சீமோரும் அபிஷேகம் பெற்றார். மற்றவர்களுக்குப் போதித்தவர் தான் பெறுவதற்குக் காத்திருந்தார்.

ஜனம் தெருவை நிரப்பியது. வீடு கொள்ளவில்லை. அசூசா தெரு 312ஆம் நம்பரில் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம் கிடைத்தது. நாற்பது அடி அகலம், அறுபது அடி நீளம். முன்பு கறுப்பின மெதடிஸ்ட் சபையார் ஆராதித்த இடம், பிறகு கீழ்ப்பகுதி குதிரை லாயமாகவும் சாமான் போடுகிற இடமாகவும் கிடந்தது. மாத வாடகை எட்டு டாலர். கூட்டிச் சுத்தம்பண்ணி, தரையில் மரத்தூள் போட்டு, ஆணி வருகிற பீப்பாய்களின் மேல் பலகையை வைத்து உட்கார இடம் செய்தார்கள். பிரசங்க பீடம் எது தெரியுமா? செருப்புக்கடை மரப்பெட்டிகள் இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று. சீமோர் அநேக நேரம் அந்தப் பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபித்துக்கொண்டே இருப்பார்.

ஏப்ரல் 18ஆம் தேதி அந்தப் பட்டணத்துப் பத்திரிகை முதன்முதலாக அந்தக் கூட்டத்தைப்பற்றி எழுதியது. எப்படி எழுதியது? பரிகாசமாய்த்தான். சீமோருக்கு ஒரு கண் தெரியாததையும், கூட்டத்தில் கறுப்பர் நிறைந்திருந்ததையும் கேலிப்பொருளாக்கியது. பரிகாசத்தைப் படித்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்களில் அநேகர் முழங்காலில் விழுந்தார்கள்.

யாருக்கும் தனி இடம் இல்லாத சபை

சீமோர் தன் சபையில் உட்காரும் இடத்தை எப்படி அமைத்தார்? பீடத்தை அறையின் நடுவில் வைத்து, சுற்றிலும் ஜனங்களை உட்காரவைத்தார். முன்வரிசை பின்வரிசை என்று இல்லை. வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம் என்று இல்லை. கறுப்பரும், வெள்ளையரும், மெக்சிகோ தேசத்தாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நிர்வாகக் குழுவிலும் கறுப்பரும் வெள்ளையரும், ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். காணிக்கைப் பை சுற்றவில்லை, பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று ஆராதனை, ஏறக்குறைய மூன்று வருஷம்!

இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைக்கு அந்த நாட்டில் இது பெரிய துணிச்சல். வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பருக்கு முன்னால் முழங்கால்படியிட்டு, என் தலைமேல் கைவைத்து ஜெபியுங்கள் என்று கேட்பதை வெளியே இருந்தவர்களால் சகிக்க முடியவில்லை. பத்திரிகைகளுக்கு அந்நிய பாஷையைவிட இதுதான் பெரிய இடறலாக இருந்தது.

வட கரோலினாவிலிருந்து காஷ்வெல் என்ற வெள்ளைக்கார ஊழியர் 1906 கடைசியில் வந்தார். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ரயிலில் வந்த மனுஷன். தாகம் இருந்தது, ஆனால் நிற உணர்ச்சியும் கூடவே வந்திருந்தது. ஒரு கறுப்பின வாலிபன் தலையில் கைவைக்க வந்ததும் உடம்பு கூசியது, எழுந்து அறைக்குப் போய்விட்டார். அங்கே ஆண்டவர் அவரோடு போராடினார். அபிஷேகம் வேண்டுமா, ஜாதி கௌரவம் வேண்டுமா? நம்ம பாஷையில் சொன்னால் அதுதான் கேள்வி. காஷ்வெல் உடைந்தார். திரும்பி வந்து, சீமோரும் மற்றக் கறுப்பின சகோதரரும் தன் தலைமேல் கைவைத்து ஜெபிக்கவேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். நிரப்பப்பட்டார். ஊருக்குத் திரும்பி அவர் நடத்தின கூட்டங்களால் தென்மாநிலங்களில் எழுப்புதல் பரவியது.

மெம்பிஸ் பட்டணத்திலிருந்து சார்லஸ் மேசன் என்ற கறுப்பின ஊழியர் 1907ல் வந்து அபிஷேகம் பெற்றுப் போனார். அவர் நடத்தின சபை பின்பு அமெரிக்காவின் மிகப்பெரிய பெந்தெகொஸ்தே சபைகளில் ஒன்றாயிற்று. அசூசாவில் நிரப்பப்பட்ட கார் என்ற ஊழியரும் அவர் மனைவியும் 1907ல் நம்ம இந்தியாவில் கல்கத்தாவில் ஊழியம் செய்தார்கள். சீமோரின் பத்திரிகை முதலில் 5,000 பிரதி அச்சானது, பிறகு 40,000ஐத் தாண்டியது. நடைக்கூடத்தில் உட்காரவைக்கப்பட்டவரின் செய்தி கடல் கடந்து போனது!

அழிந்த கோட்டை மறுபடி போட்டார்கள்

இதோடு முடித்தால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உண்மையை உண்மையாகச் சொல்லவேண்டும்.

1906 அக்டோபரில் பார்ஹாம் அசூசாவுக்கு வந்தார். தன்னிடம் படித்தவர் நடத்துகிற எழுப்புதல்! சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஜெபிக்கிறதைப் பார்த்ததும் அருவருப்படைந்தார். கூட்டத்தைக் கண்டித்துப் பேசினார். மூப்பர்கள் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் அதே பட்டணத்தில் போட்டிக் கூட்டம் நடத்தினார், பின்னாளிலும் இந்த எழுப்புதலை இழிவாகவே பேசினார்.

1908ல் சீமோர் ஜென்னி மூர் என்ற சகோதரியை விவாகம்பண்ணினார். போனி பிரே தெருவில் ஆரம்பத்திலேயே அபிஷேகம் பெற்ற கறுப்பின சகோதரி அவர். அந்தக் காலத்திலேயே பத்திரிகை வேலை பார்த்த சகோதரி பிரிந்து போர்ட்லண்ட் பட்டணத்துக்குப் போய்விட்டார். பத்திரிகையின் விலாசப் பட்டியலும் கையை விட்டுப் போனது. ஆயிரக்கணக்கான வாசகர்களோடு இருந்த தொடர்பு ஒரே வீச்சில் அறுந்தது. 1911ல் வில்லியம் டர்ஹாம் என்பவரோடு உபதேச வேறுபாடு வந்தது. இந்தத் தடவை சீமோரின் சபையே அவருக்குக் கதவை அடைத்தது, ஜனத்தில் பெரும்பகுதி அவர் பின்னால் போய்விட்டது. 1914ல் பெந்தெகொஸ்தே ஊழியர்கள் கூடிப் பெரிய ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தினார்கள், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். அபிஷேகத்தை எடுத்துக்கொண்டார்கள், அபிஷேகம் அழித்த நிறக் கோட்டை மட்டும் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

1915ல் சீமோர் தன் சபைக்கு ஒரு ஒழுங்குப் புத்தகம் வெளியிட்டார். அதில் தலைமைப் பொறுப்பு கறுப்பினத்தாருக்கே என்று எழுதவேண்டிய நிலை வந்தது. சண்டையும் பிரிவினையும் வரக்கூடாது என்பதற்காகவே இப்படிச் செய்கிறோம், வெள்ளைக்கார சகோதரரையும் நேசிக்கவேண்டும் என்று கூடவே எழுதினார். எல்லோரையும் ஒரே பலகையில் உட்காரவைத்த மனுஷன் அந்த வரியை எழுதும்போது எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார்! சிலர் இதைக் காட்டி, பார்த்தீர்களா அவரும் பிரிவினைதானே செய்தார் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டு, ஏன் ஓரத்தில் நிற்கிறாய் என்று கேட்பது நியாயமா?

இந்த அனுபவங்களின் நடுவே சீமோர் ஒன்றைத் திரும்பத் திரும்பப் போதித்தார். அந்நிய பாஷையை அவர் தள்ளவில்லை. ஆனால் ஆவியானவர் ஒருவனுக்குள் இருக்கிறார் என்பதற்குத் தெய்வீக அன்பே உண்மையான அடையாளம், அன்பு இல்லாமல் பாஷை மட்டும் பேசுவது போதாது என்று சொன்னார். பாஷையும் பேசிவிட்டுத் தன்னைத் தீண்டவும் மறுத்த ஆட்களைக் கண்ணால் கண்டவர் அல்லவா! 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் அவருக்கு அனுபவமாயிற்று.

1922 செப்டம்பர் 28ஆம் தேதி, ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதவைத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 52. அப்போது சபையில் மிஞ்சியிருந்தது கைவிட்டு எண்ணக்கூடிய ஜனம்தான். ஜென்னி அம்மையார் ஊழியத்தைத் தொடர்ந்தார். 1931ல் அந்தக் கட்டடத்தையும் இடித்துப்போட்டார்கள்.

எழுபது வருஷத்துக்குமேல் கழிந்தது

தனித்தனி என்று 1896ல் சொன்ன தீர்ப்பை அதே உச்ச நீதிமன்றம் 1954ல் பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் தள்ளிப்போட்டது. 1964லும் 1965லும் பொது இடங்களிலும் ஓட்டிலும் பேதம் பார்க்கக்கூடாது என்று சட்டங்கள் வந்தன. சபை எங்கே இருந்தது? 1948ல் பெந்தெகொஸ்தே சபைகள் ஒரு ஐக்கியம் ஏற்படுத்தினபோது, கறுப்பினச் சபைகளைச் சேர்க்கவே இல்லை. 1994 அக்டோபரில்தான் மெம்பிஸ் பட்டணத்தில் கூடி, அந்தப் பழைய ஐக்கியத்தைக் கலைத்துவிட்டு, இரு நிறத்தாரும் சேர்ந்த புதிய ஐக்கியத்தை உண்டாக்கினார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் போதகர் கண்ணீரோடு ஒரு கறுப்பினப் பேராயரின் கால்களைக் கழுவினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனாலும் மனசில் ஒரு கேள்வி குத்துகிறது. நீதிமன்றத்துக்கு நாற்பது வருஷம் பின்னாலேயா ஆவியில் நடக்கிற சபை வரவேண்டும்?

நமக்கு என்ன?

பிரியமானவர்களே, சீமோர் வேறு தேசத்து மனுஷன். நம்ம நாட்டில் நிறக் கோடு இல்லை, ஜாதிக் கோடு இருக்கிறது. ஞானஸ்நானத் தண்ணீரில் எல்லோரும் ஒன்றாக முழுகுகிறோம். கல்யாணப் பேச்சு வந்ததும், அவங்க யாரு, எந்த ஆளுங்க என்று தண்ணீருக்கு வெளியே விட்டதை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்துப் பிரித்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. மாம்சமான யாவர்மேலும் என்று பிரசங்கித்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட தெருவில் மாத்திரம் வீட்டுக்குள் போய்ச் சாப்பிடாமல் வாசலிலேயே ஜெபித்து வருகிற ஊழியக்காரர் உண்டு. வயதில் மூத்தவரை அவர் பிறந்த தெருவைப் பார்த்து ஒருமையில் கூப்பிடுகிற விசுவாசிகளும் உண்டு.

கொர்நேலியு வீட்டில் என்ன நடந்தது? பேதுரு பிரசங்கத்தை முடிக்கும் முன்னே ஆவியானவர் இறங்கிவிட்டார். தேவன் ஏற்றுக்கொண்டவர்களுக்குத் தண்ணீரை விலக்க யாராலும் முடியவில்லை. யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில், நீ அங்கே நில் என்றும் பாதபடியண்டையிலே உட்கார் என்றும் ஆளுக்கொரு இடம் காட்டுகிறவர்களை வேதம் எவ்வளவு கடினமாய்க் கடிந்துகொள்ளுகிறது!

ஆகவே எழுப்புதல் வேண்டும் என்று உபவாசம் போடுகிற நாம், நம்ம சபையில் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் யார் என்று முதலாவது பார்ப்போம். மூப்பர் குழுவில் எந்தத் தெருவார் இருக்கிறார்கள், எந்தத் தெருவாருக்கு இதுவரை இடமே தரவில்லை என்று பார்ப்போம். யார் வீட்டுத் தண்ணீரை நாம் குடித்ததே இல்லை என்று யோசிப்போம். யார் தலைமேல் கைவைத்து ஜெபித்தால் நமக்குக் கூசுகிறதோ, அந்தச் சகோதரனிடமே போய் ஜெபிக்கச் சொல்லிக் கேட்போம்.

அவமதிக்கப்பட்டு இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை வெளியே உட்காரவைத்தது மனுஷர், தேவன் அல்ல. சீமோரை உட்காரவைத்த நடைக்கூடத்திலும் அவர் கூடவே இருந்தார். உங்களுக்கு உரிய இடத்தை நீங்கள் கேட்பது பெருமையும் அல்ல, பாவமும் அல்ல. அது தகப்பன் வீட்டில் பிள்ளைக்குள்ள பங்கு.

பரலோக பிதாவே, எங்கள் சபைகளில் நாங்கள் போட்டிருக்கிற கோடுகளை உமது குமாரனுடைய இரத்தத்தினால் அழித்துப்போடும். அழித்த பிறகு நாங்கள் மறுபடி போடாதபடிக்கு எங்கள் கைகளைப் பிடித்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.